சுழலும் சுருளும்



செங்கற்பட்டிலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கிச் செல்லும் வழியில் திருப்போரூர் இருக்கிறது. முருகப்பெருமான் அசுரரோடு மூன்று இடங்களில் பொருதான் என்பது நம் நாட்டு வழக்கு. திருச்செந்தூரில் நடந்தது கடற்போர். திருப்பரங்குன்றத்தில் நடந்தது நிலப்போர். திருப்போரூரில் நடந்தது விண்போர் என்று பெரியோர் கூறுவர். போரூர் என்னும் பெயர் வந்ததும் அதனாலேயே என்பர்.

இக்காலத்தில் அவ்வூரின் வானத்தில் வேறொரு வகைப் போர் நடைபெறுகிறது. ஊருக்கு வடக்கே, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், தாம்பரம் விமானப்படை நிலையம் உள்ளது. இந்திய விமானப்படையின் பறத்தல் ஆசிரியர் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, 1954-இல் தாம்பரத்திற்கு வந்தது. பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பறக்கக் கற்பிக்கும் கலையைக் கற்றுக்கொடுப்பதே அதன் பணி. ஆசிரியர்க்கு ஆசிரியராய் விளங்கும் பள்ளி அது. அங்கே கற்பிக்கப்படுவது விளையாட்டன்று. 2025 நவம்பர் 14-ஆம் நாள் பிற்பகலில், பயிற்சிக்காகச் சென்ற பிலாட்டஸ் பி.சி.-7 விமானம் ஒன்று திருப்போரூர்ப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. விமானி வெளியே பாய்ந்து குடையின் துணையால் உயிர் தப்பினார். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. வானத்தில் பாடம் கற்போர் எத்தகைய இடத்தில் அமர்ந்து கற்கிறார்கள் என்பதை நினைவூட்டவே அதனைக் குறித்தேன்.

விமானம் ஒன்று வட்டமிட்டவாறே தலைகுப்புற இறங்குவதைத் தரையில் நிற்பவன் காண்கிறான் என்று கொள்வோம். 'சுற்றிக்கொண்டே விழுந்தது' என்று அவன் சொல்லுவான். அவனுக்கு அது ஒரே காட்சி. விமானிக்கோ அஃது இரண்டில் ஒன்றாக இருத்தல் கூடும். ஒன்றனை 'ஸ்பின்' என்றும், மற்றொன்றனை 'ஸ்பைரல் டைவ்' என்றும் அவர்கள் வழங்குவர். நாம் முன்னதைச் சுழல்வீழ்ச்சி என்றும், பின்னதைச் சுருள்பாய்ச்சல் என்றும் சொல்லுவோம். காட்சி ஒன்று போலத் தோன்றினும் நோய் வேறு. ஆகையால் மருந்தும் வேறு. இந்த வேறுபாட்டை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்பதே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு.

முதலில் இரண்டன் இயல்பையும் அறிந்துகொள்வோம். விமானத்தைத் தாங்குவது இறக்கை. எதிர்வரும் காற்றுக்குச் சற்றுச் சாய்வாக இறக்கை நிற்கும்போது தூக்குவிசை பிறக்கிறது. சாய்வு மிகுந்தால் தூக்கும் மிகும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 15 பாகை அளவைக் கடந்தால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடும் காற்று பிரிந்து சிதறுகிறது. தூக்குவிசை திடீரென்று குறைகிறது. இந்நிலையை 'ஸ்டால்' என்பர். இரண்டு இறக்கைகளும் ஒருங்கே இந்நிலையை அடைந்தால் விமானம் மூக்கைத் தாழ்த்தும், அவ்வளவே. ஓர் இறக்கை மற்றதினும் மிகுதியாகத் தளர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் சரிகிறது. சரியும் இறக்கைக்குக் காற்று கீழிருந்து வருவதால் அதன் சாய்வு இன்னும் மிகுகிறது. அது மேலும் தளர்கிறது. எதிரிறக்கையோ மேலெழுந்து தன் சாய்வைக் குறைத்துக்கொண்டு தூக்குவிசையைக் காத்துக்கொள்கிறது. இவ்வாறு ஒன்று தாழ ஒன்று உயர, சுழற்சி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. குருக்கத்திக் கொடியின் சிறகுள்ள கனி உதிரும்போது சுழன்று சுழன்று இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். சுழல்வீழ்ச்சியும் அத்தகையதே. அதிலே வேகமானியின் முள் குறைந்த அளவில் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். உயரமானியின் முள்ளோ விரைந்து இறங்கும்.

சுருள்பாய்ச்சலில் இறக்கை தளர்வதில்லை. அது செவ்வனே வேலை செய்கிறது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது; மூக்குத் தாழ்கிறது; வேகம் மிகுகிறது. சுருள்படியில் ஓடி இறங்குகிறவன் படிக்குப் படி வேகம் மிகுந்து தன்னையே நிறுத்திக்கொள்ள மாட்டாமல் தவிப்பதை ஒத்தது இது. இங்கே வேகமானியின் முள் ஏறிக்கொண்டே போகும். மூக்கு தாழ்கிறதே என்று விமானி கோலைத் தன்பால் இழுத்தால், சாய்ந்திருக்கும் விமானம் மேலே எழாது. திருப்பத்தையே இன்னும் இறுக்கும். இறுக இறுக இறக்கையின்மேல் பாரம் மிகும். முடிவில் இறக்கையே ஒடிந்துபோதலும் உண்டு.

ஆகவே வேகமானியே இரண்டையும் பிரித்துக் காட்டும் முதற் சான்று. சுழல்வீழ்ச்சியாயின், பொதுவாக எஞ்சினின் விசையைக் குறைத்து, இறக்கைத் தட்டுகளை நடுநிலையில் வைத்து, சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானை முழுவதும் அழுத்தி, பிறகு கோலை முன்னே தள்ளவேண்டும். சுழற்சி நின்றவுடன் சுக்கானை நடுவுக்குக் கொணர்ந்து, மெல்லத் தலைநிமிரவேண்டும். சுருள்பாய்ச்சலாயின், விசையைக் குறைத்து, முதலில் இறக்கைகளைச் சமன்செய்து, அதன் பின்னரே கோலை மென்மையாகப் பின்னிழுக்க வேண்டும். இரண்டிலும் அச்சமுற்ற கை முதலில் செய்ய விரும்புவது ஒன்றே: கோலைத் தன் வயிற்றோடு சேர்த்து இழுப்பது. இரண்டிலும் அதுவே தவறு. கையின் இயற்கை ஒரு பக்கம். அறிவின் கட்டளை மற்றொரு பக்கம். வானத்தில் நடக்கும் போர் இதுதான்.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. விமானம் தோன்றிய முதற்பத்தாண்டில், சுழலத் தொடங்கிய விமானத்திலிருந்து பிழைத்து வந்து செய்தி சொல்ல எவரும் இல்லை என்றே கருதப்பட்டது. 1912 ஆகஸ்ட் 25-ஆம் நாள், இங்கிலாந்தின் சாலிஸ்பரிச் சமவெளியில், வில்பிரெட் பார்க் என்னும் கடற்படை விமானி, ஆவ்ரோ இருதட்டு விமானத்தில் லெப்டினன்ட் லெ பிரெட்டன் என்பவரை உடன்கொண்டு நெடும்பறப்பு ஒன்றை முடித்து இறங்க முற்பட்டார். தரைக்கு ஏறத்தாழ 700 அடி உயரத்தில் அவர் சுற்றியிறங்கத் தொடங்கியபோது, விமானம் சுழலில் அகப்பட்டது. அக்கால வழக்கப்படி எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தார், கோலைப் பின்னிழுத்தார், சுழலும் பக்கமாகவே சுக்கானைத் திருப்பினார். ஒன்றும் பயனளிக்கவில்லை. தம்மை வெளியே வீசும் விசையை உணர்ந்து ஒரு கையால் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். தரை மிக அண்மையில் வந்துவிட்ட நிலையில், செய்ததற்கு நேர்மாறாகச் சுக்கானை எதிர்ப்புறம் முழுவதும் திருப்பினார். சுழற்சி நின்றது; விமானம் தலைநிமிர்ந்தது. அப்போது தரை சுமார் 50 அடிக்குக் கீழே இருந்தது.

பார்க் செய்த அருஞ்செயல் தப்பியது மட்டுமன்று. தாம் எதை எதைச் செய்தார், எதனால் பயன் விளைந்தது என்பதை ஒளிக்காமல் வரிசைப்படுத்திச் சொன்னாரே, அதுவே பெரிது. தாம் முதலில் செய்தவை தவறு என்று ஒப்புக்கொள்ளவும் அவர் கூசவில்லை. 'பார்க்கின் பாய்ச்சல்' என்று அந்நிகழ்ச்சி பெயர் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விமானத்தில் பறந்தபோது நேர்ந்த விபத்தில் அவ்விளைஞர் மாண்டார். ஆயினும் அவர் விட்டுச்சென்ற குறிப்பு மாளவில்லை.

அதன்பின் முதல் உலகப்போர் மூண்டது. 1916-இல் பார்ன்பரோவில் பிராங்க் கூடன் என்னும் சோதனை விமானி, பலர் அஞ்சிய ஒரு போர்விமானத்தை வேண்டுமென்றே சுழலவிட்டு மீட்டுக் காட்டினார். 1917-இல் அதே இடத்தில் பிரெடரிக் லிண்டமன் என்னும் இயற்பியலறிஞர், ஏட்டறிவு போதாது என்று தாமே பறக்கக் கற்று, விமானத்தைச் சுழலவிட்டார். சுழன்று விழும்போதே வேகம், உயரம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய அளவுகளை மனத்திற் பதித்துக்கொண்டு, தரையிறங்கிய பின் எழுதிவைத்தார். சுழல்வீழ்ச்சி மாயமன்று, இறக்கையின் ஒரு பக்கத் தளர்ச்சியால் விளைவது என்பதை அளவுகளோடு நிறுவுவதற்கு அவருடைய பறப்புகள் துணைசெய்தன. அதே ஆண்டில் காஸ்போர்ட் என்னுமிடத்தில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவர் புதுமுறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆபத்தை மாணவனிடமிருந்து மறைக்காதே. ஆசிரியனும் மாணவனும் ஒன்றாக அமர்ந்து அதற்குள் புகுந்து வெளிவருக என்பதே அவர் கொள்கை. பறத்தல் ஆசிரியன் என்பதே தனித்தொழிலாயிற்று. தாம்பரத்துப் பள்ளி அந்த மரபில் வந்ததே.

இனி, ஒரு முக்கியமான வினா எழுகிறது. மருந்து தெரிந்துவிட்டதே, பிறகு அச்சம் எதற்கு? விமானங்கள் யாவும் ஒரே குணம் உடையன அல்ல என்பதே விடை. பட்டம் விடும் சிறுவர் இதனை நன்கு அறிவர். வால் சிறுத்த பட்டம் கிறுகிறுவென்று சுற்றித் தலைகுத்தி விழும். வாலைச் சிறிது நீட்டினால் அதே பட்டம் அமைதியாக நிற்கும். சுழற்சியை நிறுத்துவதில் விமானத்தின் வாலுக்கும் சுக்கானுக்கும் பெரும்பங்கு உண்டு. சுழலும்போது கிடைவாலின் பின்னே கலங்கிய காற்று சுக்கானை மூடிக்கொண்டால், விமானி எவ்வளவு அழுத்தினும் சுக்கான் பயன்படாது.

நம் விமானப்படையில் தொடக்கப் பயிற்சிக்கு நெடுங்காலம் பயன்பட்ட டைகர் மாத் என்னும் இருதட்டு விமானம் 1931-இல் முதன்முதல் பறந்தது. அது விருப்பத்தோடு சுழலும், சொன்னால் நிற்கும். அத்தகைய சாதுவான விமானத்திற்கும் 1941-இல், வாலிறக்கையின் முன்புறத்தில் நீண்ட பட்டைகள் சேர்க்க வேண்டியதாயிற்று. சுமையும் சிறுமாற்றங்களும் கூடக்கூட அதன் சுழலியல்பு சற்றுக் கெட்டதே காரணம். அதன்பின் வந்த பெர்சிவல் பிரெண்டிஸ், பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டது. தொடக்கத்தில் அது சுழலிலிருந்து மீளத் தயங்கிற்று. வாலைத் திருத்தி, இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்த பிறகே பயிற்சிக்கு ஏற்றதாயிற்று. நாமே வரைந்து நாமே கட்டிய எச்.டி.-2 விமானம் 1951-இல் பறந்து, டைகர் மாத்தின் இடத்தைப் பெற்றது.

சுழலவே மாட்டாத விமானம் ஒன்றைக் கட்டினால் என்ன என்றும் சிலர் எண்ணினர். அமெரிக்கரான பிரெட் வீக் என்பவர் வகுத்த எர்கூப் என்னும் சிறு விமானம் 1937-இல் பறந்தது. மூக்கை அளவு மீறி உயர்த்த இயலாதவாறும், சுக்கான் மிதியே இல்லாதவாறும் அவர் அதனை அமைத்தார். செஸ்னா 172 போன்ற விமானங்களை வலிந்து சுழலவிட்டாலும், ஓரிரு சுற்றுக்குள் சுழலை விட்டுச் சுருள்பாய்ச்சலாக மாறுவது வழக்கம். இதனை நல்வரமென்று எண்ணிவிட வேண்டா. சுழல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் மாணவன், வேகம் மிகுவதைக் கவனியாது சுழலுக்குரிய மருந்தையே செய்துகொண்டிருந்தால், ஒரு நோய்க்கு வேறு நோயின் மருந்தைக் கொடுத்தவன் ஆவான். இதற்கு மாறாக, யாங்கி என்னும் சிறு விமானத்தில் சில சுற்றுகள் முற்றிவிட்டால், மூக்குத் தாழாமல் தட்டையாகச் சுழலும் நிலை வந்து, எம்மருந்தும் பலிக்காது என்பதை 1970-களில் நாசா நடத்திய ஆராய்ச்சிகள் காட்டின.

ஜெட் விமானங்களில் நிலைமை இன்னும் வேறு. இறக்கைகள் சிறுத்து, எடை முழுவதும் நீண்ட உடலில் அடங்கியிருப்பதால், அவை சுழலும் விதமே மாறுகிறது. எடை இறக்கைகளிற் பரவிய விமானத்தில் கோலை முன்தள்ளுவது பெருந்துணையாகும். எடை உடலில் நீண்டு கிடக்கும் விமானத்தில், சுழலும் பக்கமாகவே இறக்கைத் தட்டைத் திருப்புவது துணையாதல் உண்டு. பழைய விமானியின் கைப்பழக்கத்திற்கு இது முற்றிலும் முரணானது. எனவேதான் ஒவ்வொரு விமானத்திற்கும் அதனதன் கையேட்டில் அதற்குரிய முறை எழுதப்படுகிறது. அதனை அறிய, அமெரிக்காவில் லாங்லி என்னுமிடத்தில் 1935-இல் காற்று கீழிருந்து மேலே வீசும் செங்குத்துக் கூடம் ஒன்று அமைந்தது. 1941-இல் 20 அடி அகலமுள்ள பெரிய கூடம் எழுந்தது. அங்கே சிறு மாதிரிகளைச் சுழலவிட்டு, அவற்றின் குணத்தை ஆராய்வர்.

இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் பொறியாளர்களை அலைக்கழிக்கும் வல்லமை சுழலுக்கு உண்டு. பெங்களூரில் உருவான எச்.ஜே.டி.-36 என்னும் ஜெட் பயிற்சி விமானம் 2003 மார்ச் 7-ஆம் நாள் முதன்முதல் பறந்தது. பயிற்சி விமானமாயின், சுழலில் புகுந்து நம்பகமாக மீளுதல் வேண்டும். ஏனெனில் அதை ஓட்டுபவன் கற்றுக்குட்டி. 2011 ஏப்ரல் 28-ஆம் நாள் சோதனைப் பறப்பில் அதன் மாதிரி ஒன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது. இரு விமானிகளும் குடையால் தப்பினர். அதன்பின் நடந்த சுழற்சோதனைகளும் மனநிறைவு தரவில்லை. பொறியாளர்கள் மனந்தளராது, நிமிர்வாலைப் பின்னே தள்ளி அமைத்து, சுக்கானைப் பெரிதாக்கினர். சோதனைக் காலத்திற்குக் காப்பாக வாலில் ஒரு குடையும் பொருத்தினர். அவ்விமானம் 2019 ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. 2022-இல் இடமாக ஆறு சுற்றும் வலமாக ஆறு சுற்றும் சுழன்று மீண்டது. முதற்பறப்பிற்கும் இந்த ஆறு சுற்றுக்கும் இடையே 19 ஆண்டுகள்! பட்டத்தின் வாலை நீட்டிய சிறுவன் செய்ததும், இவர்கள் செய்ததும் தத்துவத்தில் ஒன்றே. ஆனால் எவ்வளவு நீட்டுவது, எங்கே நீட்டுவது என்று அறிவதற்கு அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது.

இனிச் சுருள்பாய்ச்சலுக்கு வருவோம். சுழல் உடலை உலுக்கித் தன்னை அறிவிக்கும். சுருளோ சந்தடியின்றி வருவது. அதுவே அதன் கொடுமை. மாமல்லபுரக் கடற்கரையில் அந்தி மயங்கிய பின் நின்று பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வேளை ஒன்று வரும். அந்த வேளையில், அல்லது மேகத்தின் நடுவில், விமானிக்குத் தொடுவானம் இல்லை. நம் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, மெல்லச் சாய்ந்து நீண்ட நேரம் திரும்பினால் அதனை உணர்வதில்லை. விமானம் சாய்ந்திருக்கும், உடலோ நேராக இருப்பதாகச் சொல்லும். 1954-இல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார், கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிலாத 20 பேரை, வெளிக்காட்சியை மறைத்துப் பறக்கவிட்டனர். ஒருவர்கூடக் கட்டுப்பாட்டைக் காத்துக்கொள்ளவில்லை. அவர்களுள் 19 பேர் சுருள்பாய்ச்சலில் வீழ்ந்தனர். கட்டுப்பாடு இழக்கும்வரை சென்ற நேரம் சராசரி 178 விநாடி. மூன்று நிமிடத்திற்கும் குறைவு.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. 1978 ஜனவரி 1-ஆம் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம், 'அசோகச் சக்கரவர்த்தி' என்னும் பெயருடையது, அரபிக்கடலின் மேலே சென்றது. வலப்புறம் திரும்பிச் சமநிலைக்கு வந்த பின்னும், தலைமை விமானியின் சாய்வு காட்டும் கருவி, விமானம் வலப்புறமே சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதனைச் சரிசெய்ய எண்ணி அவர் இடப்புறம் சாய்த்தார். வெளியே இருட்டு, பார்த்துத் தெளியத் தொடுவானம் இல்லை. விமானம் மேலும் மேலும் இடப்புறம் கவிழ்ந்து கடலில் பாய்ந்தது. தரையைவிட்டு எழுந்து இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். ஒரு கருவி பொய் சொல்லும்போது மற்ற கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்னும் பாடம் அத்தனை உயிர்களின் விலைக்கு மீண்டும் ஒருமுறை எழுதப்பட்டது.

கற்ற பாடம் உதவிய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 1953 டிசம்பர் 12-ஆம் நாள், சக் யேகர் என்னும் அமெரிக்க விமானி எக்ஸ்-1ஏ ராக்கெட் விமானத்தில் ஒலியினும் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றபோது, விமானம் கட்டுப்பாடிழந்து தாறுமாறாகப் புரண்டது. ஒரு நிமிடத்திற்குள் ஏறத்தாழ 50,000 அடி வீழ்ந்தது. புரண்டு புரண்டு வந்த விமானம் முடிவில் சாதாரணச் சுழல்வீழ்ச்சிக்கு வந்தது. பிறர் நடுங்கும் அந்நிலை யேகருக்குத் தெரிந்த இடம். பயிற்சிக் காலத்தில் பலமுறை புகுந்து மீண்ட இடம். அங்கே அவர் கை தன் வேலையைச் செய்தது. மீண்டு வந்து தரையிறங்கினார்.

அன்பார்ந்த மாணவர்களே! பார்க் முதல் எச்.ஜே.டி.-36-இன் பொறியாளர்கள் வரை நாம் கண்டவர் அனைவரிடமும் ஒரு பண்பு பொதுவாக இருந்தது. அவர்கள் அச்சமற்றவர்கள் அல்லர். அச்சத்தின் காரணத்தை அளந்து பார்த்தவர்கள். விழுந்ததை மறைக்காமல் எழுதினார்கள். எழுதியதைப் பிறருக்குக் கற்பித்தார்கள். ஒன்று போலத் தோன்றும் இரண்டு இடர்களை வேறு வேறென்று பிரித்தறிந்தார்கள். பிரித்தறிவதற்கு அவர்களுக்குக் கிடைத்த நேரம் சில விநாடிகளே. அவ்விநாடிகளில் புதிதாக எதையும் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியாது; அமைதியான நாளில் கற்றுவைத்ததே கைகொடுக்கும்.

அடுத்த முறை நீங்கள் திருப்போரூர்ப் பக்கம் செல்லும்போது, கோபுரத்திற்கு மேலே உயரத்தில் ஒரு சிறு விமானம் வட்டமிடுவதைக் காண நேரலாம். அதனுள் இருவர் அமர்ந்திருப்பர். வேகமானியைப் பார், முள் நிற்கிறதா, ஏறுகிறதா என்று ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். 1912-இல் பார்க்குக்கு அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. இன்று கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்றால், அந்த இருக்கையை அவருக்குத் தேடித் தந்தவர்கள் இன்று நாம் நினைவுகூர்ந்த அப்பெருமக்களே.